ஊரடங்கில் மனம் நிலைகொள்ள: ஐந்து வழிகளும் அவற்றின் விலையும்

2020 மார்ச் 25 அன்று கொரோனா தொற்றைத் தடுக்க நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது, வீட்டில் அடைபட்டவர்களுக்கு வந்த அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டின. கிடைத்த நேரத்தை வீணாக்காதீர்கள், புதிதாக ஏதேனும் கற்றுக்கொள்ளுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், தியானம் பழகுங்கள் என்றார்கள். ஓராண்டு கடந்து, 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, அந்த அறிவுரைகளைப் பழைய உற்சாகத்தோடு கேட்கப் பலராலும் முடியவில்லை. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியான மாநிலத்தில், தெரிந்தவர் ஒருவரின் இரங்கல் செய்தியோ ஆக்சிஜன் படுக்கை கேட்டு வரும் வேண்டுகோளோ இல்லாமல் ஒரு நாள் கழிவதே அரிதாக இருந்தது.

அந்நிலையில் வாசகர்கள் கேட்டது தெளிவான ஒரு கேள்வி: நாளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்வதா, எதையாவது படிப்பதா, பிறருக்கு உதவுவதா, தியானத்திலும் எழுத்திலும் உள்முகமாகத் திரும்புவதா, ஒன்றும் செய்யாமல் ஓய்ந்திருப்பதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது சோம்பல் அன்று. நேரம் இருந்தும் எதையும் தொடங்கத் தெம்பில்லாத நிலை. அத்தகைய நிலையில் இருப்பவரிடம் ஐந்தையும் செய்யுங்கள் என்று சொல்வது உதவியாகாது. ஆகவே எது யாருக்கு, எந்தச் சூழலில், என்ன விலைக்குப் பொருந்தும் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஓர் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மாதத்து அரிசிக்கும் வாடகைக்கும் வழி இருக்கிறவர்களுக்கே இந்தக் கட்டுரை பயன்படும். தினக்கூலி நின்றுபோன குடும்பத்துக்கு நோக்கம் இல்லாத குறை இல்லை. வருமானம் இல்லாத குறைதான். 2021இல் ரேஷன் அட்டைக்கு அறிவிக்கப்பட்ட 4,000 ரூபாயில் முதல் தவணையாக 2,000 ரூபாயை வாங்கி மாதத்தைக் கடத்தியவரிடம் மனச் சமநிலைக்கான வழிகளைப் பட்டியலிடுவது அறமாகாது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

தனிமைப்படுத்தலின் உளவியல் விளைவுகளைப் பற்றி அதுவரை வெளியாகியிருந்த 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஒரு மீளாய்வை வெளியிட்டார்கள். சார்ஸ், எபோலா போன்ற முந்தைய தொற்றுகளின்போது அடைபட்டவர்களை வாட்டியவையாக அது காட்டியவை: அடைப்பின் நீளம், தொற்று பற்றிய அச்சம், சலிப்பு, அத்தியாவசியப் பொருள்களின் தட்டுப்பாடு, தெளிவற்ற தகவல், பண இழப்பு, பிறர் ஒதுக்கிவைத்தல். இவற்றில் பெரும்பாலானவற்றை அரசும் சமூகமும்தான் சரிசெய்ய முடியும். வீட்டுக்குள் இருப்பவரின் கைக்கு எட்டுபவை, சலிப்பும், எவ்வளவு செய்தியை உள்ளே விடுவது என்பதும், இந்த அடைப்பை யாருக்காகப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற எண்ணமும்தான். பிறர் நலனுக்காகத் தனித்திருக்கிறோம் என்ற உணர்வு அடைப்பைத் தாங்க உதவும் என்பதையும் அந்த மீளாய்வு குறிப்பிட்டது.

சமநிலையும் நோக்கமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில் தூக்கம் வருவதும், சிறு சொல்லுக்கு எரிந்துவிழாமல் இருப்பதும், பசி எடுப்பதும் சமநிலையின் அடையாளங்கள். காலையில் எழுவதற்கு ஒரு காரணம் இருப்பது நோக்கம். ஒன்றைத் தரும் வழி மற்றொன்றைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல ஏமாற்றங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே வருகின்றன.

எனவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்விகள் இவை. அது தருவது சமநிலையா, நோக்கமா? கெட்ட செய்தி வந்த நாளிலும் அதைச் செய்ய முடியுமா, அல்லது மனம் நன்றாக இருக்கும் நாளில் மட்டும்தானா? அதற்கு எவ்வளவு இடமும் தனிமையும் தேவை? கடைசியாக, அதன் செலவு யார் தலையில் விழுகிறது?

இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுவே முதன்மையானது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்தால், அந்த ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். ஒருவர் இணைய வகுப்பில் சேர்ந்தால், வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போனும் அதன் டேட்டாவும் அவரிடம் போகின்றன. மூன்று வேளையும் அனைவரும் வீட்டில் உண்ணும் ஊரடங்கு மாதங்களில் சமையலும் பாத்திரமும் இரட்டிப்பாகின்றன. வேலைக்கு உதவ வந்தவரும் வர முடிவதில்லை. ஒருவரின் மன அமைதிக்கான விலையை, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண், தன் அமைதியிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அந்த வழியை நல்ல வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## நாளுக்கு ஓர் ஒழுங்கு

1962இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையின் ஸ்கராசோன் குகையில், கடிகாரமோ நாட்காட்டியோ சூரிய ஒளியோ இல்லாமல் சுமார் இரண்டு மாதங்கள் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20ஆக இருந்தது. வெளியுலகின் அடையாளங்கள் அகன்றுவிட்டால் காலத்தைப் பற்றிய உணர்வு எவ்வளவு எளிதில் கலைந்துவிடும் என்பதற்கு இது அறியப்பட்ட சான்று. பள்ளி மணியும் அலுவலகப் பேருந்தும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் இல்லாத நிலையில், செவ்வாயும் வியாழனும் ஒன்றாகிப்போவது இதன் சிறிய வடிவமே.

ஆகவே ஒழுங்கு தேவைதான். உளவியலிலும் இதற்கு அடித்தளம் உண்டு. ஓரிகான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் லெவின்சோன் 1970களில் மனச்சோர்வை ஆராய்ந்தபோது, நிறைவு தரும் செயல்கள் குறைவதும் சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறை, மனம் சரியாகட்டும் பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சிறு செயல்களை முதலில் நாளுக்குள் குறித்துவைக்கச் சொல்கிறது.

ஆனால் இதன் மறைவான செலவு அட்டவணையின் அளவில் இருக்கிறது. ஐந்து மணிக்கு எழுவதிலிருந்து பத்து மணிக்குப் படுப்பது வரை அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு வைத்தால், ஒரு நாள் தவறியவுடன் முழுத்தாளும் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. மேலும் வீட்டில் ஒருவர் வகுக்கும் அட்டவணை மற்றவர்களுக்கு உத்தரவாகவும் மாறக்கூடும். ஏழரைக்குச் சிற்றுண்டி என்று எழுதுபவர் சமைப்பவராக இல்லாதபோது இது நிச்சயம் நடக்கும்.

என் பரிந்துரை மூன்று புள்ளிகள் மட்டுமே. எழும் நேரம் மாறக்கூடாது. எழுந்த சிறிது நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ வாசலிலோ ஜன்னலோரத்திலோ காலை வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். செய்தி பார்ப்பதற்கு ஒரு நேரம் குறிக்கப்பட்டு, படுக்கும் முன்னான நேரம் அதற்கு மூடப்பட வேண்டும். இவ்வளவுக்குப் பணமோ தனியறையோ தேவையில்லை. கெட்ட நாளிலும் இவை ஓரளவு தாங்கும். இவை தருவது சமநிலை. நோக்கத்தை இவற்றிடம் எதிர்பார்க்கக்கூடாது.

## புதிதாகக் கற்பது

மிகுதியாக விளம்பரப்படுத்தப்படும் வழி இது. 1665இல் கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது ஊர் திரும்பிய நியூட்டன், கணிதத்திலும் ஒளியியலிலும் ஈர்ப்பு விசையிலும் பெரும் கருத்துகளை வளர்த்தார் என்ற செய்தி 2020இல் வாட்ஸ்அப்பில் எண்ணற்ற முறை வலம்வந்தது. அவர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், மணமாகாதவர், தாயின் பண்ணை வீட்டில் வாழ்ந்தவர், கேம்பிரிட்ஜில் ஏற்கெனவே அந்தக் கேள்விகளில் மூழ்கியிருந்தவர் என்பவை அந்தச் செய்தியில் இடம்பெறவில்லை. அந்த ஒப்பீடு, ஆன்லைன் வகுப்புக்குப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு அலுவலக அழைப்புக்கு ஓடும் ஒருவரிடம் ஏற்படுத்துவது ஊக்கத்தை அன்று, இழிவுணர்ச்சியை.

வசதிகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் இணையப் பாடங்களையும், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் பாடங்களையும் கட்டணமின்றிக் கேட்கலாம்; தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் பணம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், தமிழ் இலக்கியங்களை மின்நூல்களாக இலவசமாகத் தந்து 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் இலக்கியம் படிக்க விரும்புபவருக்கு ஆண்டுக்கணக்கில் போதும்.

ஆனால் இத்தகைய இணையப் படிப்புகளில் சேர்பவர்களில் மிகச் சிறு பகுதியினரே அவற்றை முடிக்கிறார்கள் என்பது பெருந்தொற்றுக்கு முன்பே தெரிந்த உண்மை. கற்பதற்குக் கவனம் வேண்டும். அச்சம் முதலில் பறிப்பது அதைத்தான். இரவெல்லாம் உறவினருக்காகப் படுக்கை தேடியவரால் மறுநாள் பைத்தான் நிரல் எழுதக் கற்க முடியாது. பாதியில் நின்ற ஒவ்வொரு படிப்பும் தோல்வியாக மனத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

இது பொருந்துவது இறுதியாண்டு மாணவர், வேலை தேடுபவர், முன்பே ஒரு கலையில் கால்வைத்து நேரமின்மையால் நிறுத்தியவர் ஆகியோருக்கு. ஊரடங்கு முடிந்த பின்னும் பயன்படும் ஒன்றாக இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் ஏற்கெனவே வேலை குவிந்திருப்பவர் தயங்காமல் இதைத் தள்ளிவைக்கலாம்.

## பிறருக்காக ஒரு பொறுப்பு

ஐந்தில் நான் மிகவும் நம்புவது இதையே. காரணம் எளியது: மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறார். தனியாக வசிக்கும் பெரியவர் ஒருவருக்குத் தினமும் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் பேசுவதாக ஒப்புக்கொண்டவர், அன்று தன் மனநிலை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆறு மணியானதும் அழைக்கிறார். பேசிவிட்டு வைக்கும்போது, அன்றைய நாளில் தான் செய்தே ஆக வேண்டியிருந்த ஒன்றைச் செய்து முடித்திருக்கிறார். இந்த வழிக்கு உற்சாகம் முன்தேவை அன்று என்பதே இதன் பெரிய பலம். கெட்ட செய்தி வந்த நாளில் அட்டவணை சரிகிறது, பாடம் நின்றுபோகிறது. அழைப்பு பெரும்பாலும் நடந்துவிடுகிறது.

பெரிய தொண்டு எதுவும் தேவையில்லை. தெருவில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால், சாதாரணக் கைபேசியிலேயே தினம் அரை மணி நேரம் தமிழ்ப் பாடத்தை வாசித்துக் கேட்கலாம். கல்வித் தொலைக்காட்சியில் அன்று பார்த்த பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருக்கும் வீடு, வீட்டுத் தனிமையில் இருக்கும் அக்கம்பக்கத்தாருக்கு அதைத் துடைத்துக் கொடுத்து வாங்கலாம். மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் பட்டியல் சொல்லத் தடுமாறும் பாட்டிக்காக நீங்கள் சொல்லலாம். யாரோடும் பேச மனமில்லாதவருக்கும் ஒன்று உண்டு: இணைய நூலகமான விக்கிமூலத்தில் தமிழ் நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்ப்பது. படமாக வருடி வைக்கப்பட்ட பக்கத்தையும் எழுத்துருவாக்கப்பட்ட வரிகளையும் ஒப்பிட்டுத் திருத்தும் வேலை அது. ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அடுத்த வாரம் திரும்பி வரலாம். திருத்திய பக்கம் யாரோ ஒருவர் படிப்பதற்காக அங்கேயே இருக்கும்.

இதன் மறைவான செலவுகளோ மற்ற வழிகளைவிடக் கடுமையானவை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் படுக்கைக்கும் ரெம்டெசிவிர் மருந்துக்கும் இரவு பகலாக அழைப்புகள் செய்த இளைஞர்கள் ஏராளம். அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் உண்டு. அழைத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனவர்களும் உண்டு. அந்தச் சாவுகளைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு தூக்கமிழந்தவர்களுக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரின் உயிர் ஒரு தொலைபேசி எண் சரியா தவறா என்பதில் தொங்கும் வேலையை, பயிற்சியும் மாற்று ஆளும் இல்லாமல், மன அமைதி தேடி எவரும் ஏற்கக்கூடாது. சரிபார்க்காத செய்திகளை அனுப்புவது இன்னொரு தீங்கு. மூன்று நாள் முந்தைய படுக்கை விவரத்தைப் பகிர்வது தேடுபவரின் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஊருக்கு உழைப்பவர் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தொடாமல் இருப்பது மூன்றாவது.

ஆகையால் அளவு முக்கியம். ஒரு மனிதர், ஒரு வேலை, ஒரு குறித்த நேரம். அதற்குள் நின்றால் இது சமநிலையையும் நோக்கத்தையும் சேர்த்தே தருகிறது. மற்ற நான்கில் எதற்கும் அந்த இரட்டைப் பயன் இல்லை. உதவி பெறுபவர் வேண்டாம் என்றால் விலகும் பக்குவமும் வேண்டும். நமக்கு நோக்கம் தருவது அவருடைய கடமை அன்று.

## உள்முகமாகத் திரும்புவது

தியானமும் நாட்குறிப்பும் சேர்த்தே பேசப்பட்டாலும் இரண்டும் வேறு. நிகழும் கணத்தில் முழுக் கவனம் வைக்கும் மனநிறை தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்த ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸில் அமைத்தது, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் பல வாரங்கள் நடக்கும் பயிற்சி. செயலி ஒன்றைத் தரவிறக்கிக் கண்ணை மூடுவதிடம் அதே பலனை எதிர்பார்ப்பது சரியன்று. குறிப்பாக, தொற்றிலிருந்து மீண்டுவரும்போது விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, மூச்சின் மீதே கவனம் வைக்கச் சொல்வது பதற்றத்தைக் கூட்டக்கூடும். அவருக்குக் கையால் செய்யும் வேலையோ மெல்லிய நடையோ மேல்.

எழுதுவது குறித்து உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள் 15 நிமிடம் தங்கள் வாழ்வின் வேதனையான நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்கள். நிகழ்வையும் அதுபற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் சென்றது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்களின் வருத்தம் கூடியே இருந்தது. இந்த இரண்டாவது பகுதியைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. நேற்று நடந்த சாவைப் பற்றி இன்று எழுதக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். எழுதிய நோட்டைப் பூட்டி வைக்க முடியாத வீட்டில், எழுதியதைக் கிழித்துப் போடுவதிலும் தவறில்லை.

## ஒன்றும் செய்யாமல் ஓய்வது

இதைத் தோல்வியாகக் கருதுபவர்களுக்காகவே தனித் தலைப்புக் கொடுக்கிறேன். தொற்றிலிருந்து எழுந்தவருக்கு வாரக்கணக்கில் களைப்பு நீடிக்கிறது; அவருக்கு ஓய்வே வேலை. வீட்டில் ஒருவரை இழந்தவருக்கும் அப்படியே. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல், உறவுகள் கூட முடியாமல், பதினாறாம் நாள் காரியத்தைக்கூடச் சுருக்கி முடித்த குடும்பங்களிடம் புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்வது கொடுமை. அவர்கள் அழுவதற்கு இடம் வேண்டும்; வழக்கமாகத் துக்கம் கேட்க வந்திருக்க வேண்டியவர்கள் தொலைபேசியிலாவது வர வேண்டும்.

இதன் ஆபத்து ஓய்வில் இல்லை. ஓய்வின் பெயரில் இரவு இரண்டு மணி வரை கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. குளியலும் சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடந்தால் அது ஓய்வு.

## ஒரே பார்வையில்

| வழி | தருவது | கெட்ட நாளில் | இடமும் தனிமையும் | செலவு யாருக்கு |
|---|---|---|---|---|
| மூன்று புள்ளி ஒழுங்கு | சமநிலை | ஓரளவு தாங்கும் | தேவையில்லை | அட்டவணை நீண்டால் வீட்டில் சமைப்பவருக்கு |
| கற்பது | நோக்கம் | பெரும்பாலும் நிற்கும் | நிறைய. போனும் டேட்டாவும் | போனைப் பகிரும் பிள்ளைகளுக்கு. முடிக்காவிட்டால் தனக்கே |
| ஒரு பொறுப்பு | இரண்டும் | தாங்கும் | மிகக் குறைவு | எல்லை மீறினால் தனக்கும் வீட்டுக்கும் |
| தியானம், எழுத்து | சமநிலை | சிலருக்கு உதவும், சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும் | ஓரளவு | அந்த நேரத்தில் குழந்தையைப் பார்ப்பவருக்கு |
| ஓய்வு | சமநிலை | அப்போதுதான் தேவை | கொஞ்சம் | வேலையைப் பகிராத வீட்டில் பெண்ணுக்கு |

## யாருக்கு எது

பொதுவான விடை வேண்டும் என்றால், மூன்று புள்ளி ஒழுங்கை முதல் வாரத்தில் நிலைநிறுத்தி, இரண்டாம் வாரத்தில் ஒரு சிறு பொறுப்பைச் சேர்த்துக்கொள்வதே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்பேன். வெளியூரில் தனியறையில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த வரிசையை மாற்றி, பொறுப்பை முதலில் வைக்க வேண்டும். அவருக்குக் குறைவது ஒழுங்கைவிட மனிதக் குரல்.

ஓய்வுபெற்ற பெரியவர்களை எல்லோரும் உதவி பெறுபவர்களாகவே நடத்துகிறோம். மாத்திரை எடுத்தீர்களா, வெளியே போகாதீர்கள் என்பதைத் தாண்டி அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாற்பது ஆண்டு கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் பேரனின் வீட்டுப்பாடத்தை ஒப்படைப்பதும், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை எழுதித் தரக் கேட்பதும், அவர்களை மீண்டும் கொடுப்பவர்களாக ஆக்கும்.

வீட்டிலிருந்தே அலுவலக வேலை, ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள், மூன்று வேளைச் சமையல் என்று நாளைக் கடத்தும் தாய்க்கு இந்த ஐந்தில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குச் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. குறைக்க வேண்டியது இருக்கிறது. இரவுப் பாத்திரத்தைக் கணவரும், காய்கறி வண்டியில் வாங்குவதை மூத்த பிள்ளையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளட்டும். இன்று ஒருநாள் உதவுகிறேன் என்பது வேறு. அந்த வேலை இனி என்னுடையது என்பது வேறு. அவருக்கு ஒரு மணி நேரம் விடுபட்ட பிறகு, அதை என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்வார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது இந்த ஐந்து வழிகளில் தேர்ந்தெடுக்கும் நிலை அன்று. மருத்துவரிடம் பேச வேண்டிய நிலை. 104 என்ற அரசு எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பிடமும் பேசலாம். அடைபட்ட வீட்டுக்குள்ளேயே அடியும் மிரட்டலும் இருந்தால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஏற்கெனவே மனநல மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஊரடங்கைக் காரணம் காட்டி அதை நிறுத்த வேண்டாம். 2021 முழு ஊரடங்கிலும் மருந்துக் கடைகள் திறந்திருந்தன, மருத்துவமனைக்குச் செல்வதற்குத் தடை இருக்கவில்லை.